அன்னாபிஷேகத்துக்கு வந்த புழுங்கல் அரிசி

கீழநெல்லிக்குடி,
வலங்கைமான் வழி,
29-11-1971.

சிரஞ்சீவி தியாகுவுக்கு அம்மா எழுதிக்கொண்டது. பிலாய்க் குளிரில் நீயும் ஜெயாவும் குழந்தையும் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டுமென்று தினமும் அம்பாள் சந்நிதியில் கேட்டுக்கொள்கிறேன். இங்கே என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. மனம்தான் சரியாக இல்லை, அதற்குக் காரணம் போன வியாழக்கிழமை வந்து சேர்ந்த உன் ரிஜிஸ்தர் தபால். கும்பகோணத்து வக்கீல் டைப் அடித்த நாலு பக்க மனு, அதன் மேல் உன் கையெழுத்தில் இரண்டே வரி: பென்சில் குறி போட்ட இடங்களில் கையெழுத்துப் போட்டு அனுப்பவும், மற்றதைச் சித்தப்பா பார்த்துக்கொள்வார். பென்சில் குறி யாருக்குப் போடுவார்கள் தியாகு? கைநாட்டு வைக்கிறவர்களுக்குப் போடுவார்கள். நாகப்பட்டினம் கான்வென்ட்டில் எட்டு வருஷம் படித்து, உன் அப்பாவுக்கு வந்த சர்க்கார் கடிதம் அத்தனைக்கும் முப்பது வருஷம் பதில் எழுதிக் கொடுத்தவள் நான். எதையும் முழுக்கப் படிக்காமல் கையெழுத்துப் போட்டதில்லை. இதையும் படித்தேன், மூன்று முறை படித்தேன். காத்தானும் அவன் ஆட்களும் ஐப்பசிப் பௌர்ணமியன்று அன்னாபிஷேகத்துக்குப் புழுங்கல் அரிசியைக் கொண்டு வந்து, வேண்டுமென்றே, சுவாமியை அவமதிக்கும் எண்ணத்தோடு, குடும்பத்தில் மூத்தவளான எனக்குத் தெரியாமல், கோயில் ஆசாரத்தைக் கெடுக்கப் பார்த்தார்களாம். ஆகவே அன்னக்கட்டளையை நடத்தும் உரிமையை அவர்களிடமிருந்து எடுத்து நம் குடும்பத்துக்கே திருப்பித் தர வேண்டுமாம். இதெல்லாம் சத்தியம் என்று நான் உறுதி சொல்ல வேண்டுமாம். உனக்கு இந்தக் கதையை எழுதியது உன் சித்தப்பா உலகநாதன் என்பது எனக்குத் தெரியும். அவர் எழுதினார், நீ நம்பினாய், வக்கீலுக்குத் தந்தி அடித்தாய். அம்மா அங்கேதானே நின்றிருப்பாள், அவளிடம் ஒரு கார்டு போட்டுக் கேட்போம் என்று உனக்குத் தோன்றவில்லை பார், அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன். நீ கடைசியாக அன்னாபிஷேகத்துக்கு வந்தது காலேஜில் படிக்கும்போது, அதுவும் மண்டபத்துத் தூணில் சாய்ந்துகொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி. ஆகையால் உனக்கு மறந்திருக்கும் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். ஐப்பசிப் பௌர்ணமியில் நம் சிவன் கோயிலில் சுவாமிக்குச் சாத்துகிற அன்னம் கடையில் வாங்கிய அரிசியில் வடித்ததாக இருக்கக் கூடாது. குடமுருட்டிக் கரையில் இருக்கிற அந்த ஒரு மா நிலத்தில் விளைந்த குறுவை நெல்லாக இருக்க வேண்டும் என்பது உன் கொள்ளுத்தாத்தா அந்த நிலத்தைக் கோயிலுக்கு விட்டு எழுதி வைத்த கட்டளை. உப்புப் போடாமல் வடித்து, ஆறவிட்டு, குருக்கள் ஆவுடையாரில் ஆரம்பித்து மேலே மேலே அப்பிக்கொண்டே போய்க் கடைசியில் கல் கண்ணுக்குத் தெரியாது. சோறுதான் சுவாமி. எனக்கு இத்தனை உற்சவத்திலும் அந்த ஒன்றுதான் உள்ளே போய்த் தொடும், ஏனென்றால் மற்ற நாளில் சுவாமிக்கு முன்னால் சோற்றை வைக்கிறோம், அன்று ஒரு நாள் எது சோறு எது சுவாமி என்று பிரிக்க முடியாமல் வைக்கிறோம். பச்சரிசி ஏன் என்றால், புழுங்கல் என்பது நெல்லாக இருக்கும்போதே ஒரு தடவை வெந்து போனது. ஒரு தடவை வெந்ததை மறுபடி வேகவைத்து சுவாமிக்கு வைப்பதில்லை. சுவாமிக்குப் போவது முளைக்கிற உயிர் உள்ள நெல்லிலிருந்து வர வேண்டும். இதை எனக்கு என் மாமியார் சொல்லிக் கொடுத்தார், நம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், குருக்களுக்குத் தெரியும். காத்தான் வீட்டுக்கு யார் சொன்னார்கள்? மூன்று தலைமுறையாக அந்த வயலில் நாற்று விட்டு, நட்டு, களை பிடுங்கி, அறுத்து, நெல்லை நம் களத்தில் கொண்டு வந்து கொட்டிவிட்டுப் போனவர்கள் அவர்கள். நெல் அதற்குப் பிறகு என்ன ஆகிறது என்று அவர்களை உள்ளே கூப்பிட்டுக் காட்டியவர்கள் யாரும் கிடையாது. கோபுர வாசலுக்கு வெளியே இலையில் வாங்குகிற தயிர்ச்சோற்றை வைத்து அது எந்த அரிசி என்று கண்டுபிடிக்க முடியுமா?

இப்போது குத்தகைதாரர் பதிவு என்று சட்டம் வந்து கட்டளை வயல் காத்தான் பேரில் பதிவாகிவிட்டது. ஆடி மாசம் கோயில் நிர்வாக அதிகாரி ஒரு நோட்டீஸ் ஒட்டினார். வயலை உழுகிறவரே இனி அன்னாபிஷேகத்துக்கு அரிசி தர வேண்டும், பரிவட்ட மரியாதையும் அவருக்கே என்று. எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. உன் அப்பா முப்பத்தொரு வருஷம் அந்தப் பரிவட்டத்தைக் கட்டிக்கொண்டு நின்ற இடத்தில், அவர் போய் இரண்டு வருஷம் ஆகவில்லை, ஒரு காகிதத்தைப் பசை தடவி ஒட்டிவிட்டுப் போகிறார் ஒரு மனிதர். பக்கத்திலேயே இங்கே தமிழிலும் அர்ச்சனை செய்யப்படும் என்று இன்னொரு போர்டு. தமிழ் இப்போதுதான் கோயிலுக்குள் நுழைகிறதா? ஓதுவார் தினமும் நின்று பாடிக்கொண்டிருப்பது என்ன பாஷை என்று நான் அதிகாரியிடமே கேட்டேன். சிரித்தார். அந்தச் சிரிப்பையும் நான் மறக்கவில்லை. ஆக, எனக்குக் கோபம் இல்லை என்று நினைத்துக்கொண்டு மேலே படிக்காதே. எனக்கு சர்க்கார் மேல் கோபம், அதிகாரி மேல் கோபம், நேற்றுவரை வாசலில் கைகட்டி நின்றவன் பேர் பதிவேட்டில் ஏறியதிலும் கோபம். அந்தக் கோபத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். செய்தேன் என்பதைவிட, செய்ய வேண்டியதைச் செய்யவில்லை. உன் சித்தப்பா உனக்கு எழுதாமல் விட்டது அதைத்தான்.

பௌர்ணமிக்கு மூன்று நாள் முன்னால், சனிக்கிழமை. காலையில் மழை விட்டிருந்தது. நான் ஆற்றங்கரைப் பிள்ளையாருக்கு விளக்குப் போட்டுவிட்டுத் திரும்பி வருகிறேன், காத்தான் பெண்சாதி காளியம்மாள் வாய்க்கால் ஓரத்தில் பெரிய அடுப்புக் கூட்டி அண்டாவில் நெல் அவித்துக்கொண்டிருக்கிறாள். தலை ஈரமாக முடிந்திருந்தது. அண்டாவின் கழுத்தில் மஞ்சள் துண்டு கட்டியிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, "சாமிக்கு அவிக்கிறேம்மா. மூணு நாளா வீட்டுல கவுச்சி கெடையாது. இந்த மனுசனைக்கூட ஒதுங்கிப் படுன்னுட்டேன். ஒரு பதரு இருக்கா பாருங்க" என்று கையில் அள்ளிக் காட்டினாள். ஒரு பதர் இல்லை. நெல் ஒவ்வொன்றும் பொன் மாதிரி வாய் பிளந்து வெந்திருந்தது. பொங்கலுக்குப் பச்சரிசி என்பது அவளுக்கும் தெரியும். ஆனால் இது பொங்கல் இல்லை, சோறு. சோறென்றால் அவளுக்குப் புழுங்கல்தான், அதற்கு மேல் உயர்ந்த அரிசி உலகத்தில் கிடையாது. எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. காளி, இது ஆகாதடி, அவிக்காத நெல்லை எடுத்துக் குத்து என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் முடிந்தது. நான் சரி என்றேன். சரி என்று ஒற்றைச் சொல்லைச் சொல்லிவிட்டு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நடந்துவிட்டேன். நடக்கும்போது என்ன நினைத்தேன் என்றும் எழுதிவிடுகிறேன், உனக்கு எழுதாமல் வேறு யாருக்கு எழுதப் போகிறேன். நோட்டீஸ் ஒட்டத் தெரிந்தவர்கள் அன்னாபிஷேகமும் நடத்திக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்குத் தப்பட்டை அடித்துக்கொண்டு அரிசி வந்தது. நாலு கூடை, மேலே வெள்ளைத் துணி, காத்தானும் அவன் தம்பியும் இன்னும் இரண்டு பேரும் புது வேட்டி கட்டித் தலையில் சுமந்து வந்தார்கள். கொடிமரத்தைத் தாண்டி அவர்கள் கால் வைத்தது அன்றைக்குத்தான், வைக்கும்போது காத்தான் ஒரு நிமிஷம் நின்று பின்னால் திரும்பிப் பார்த்ததை நான் பார்த்தேன். சபேச குருக்கள் துணியை விலக்கினார். ஒரு பிடி எடுத்து எல்லோருக்கும் தெரியும்படி கையை உயர்த்தி, "புழுங்கலைக் கொண்டு வந்து சுவாமி தலையில கொட்டச் சொல்றேளா?" என்று கேட்டார். அவர் திடுக்கிட்டுக் கேட்கவில்லை தியாகு. காத்துக்கொண்டிருந்து கேட்டார். பின்னால்தான் தெரிந்தது, பத்து நாளைக்கு முன்பே காத்தான் அவர் வீட்டு வாசலில் போய் நின்று, சாமி, அரிசி எப்படி இருக்கணும் என்று கேட்டிருக்கிறான். நல்லதாக் கொண்டு வா என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறார். அர்ச்சகர் வேலை இனிமேல் பரம்பரை இல்லை என்று சட்டம் போட்டதில் அவருக்கு ஆத்திரம், அது நியாயமான ஆத்திரம், ஆனால் அதைக் காட்ட வேண்டிய இடம் மெட்ராஸ். காத்தானுடைய அரிசிக் கூடை இல்லை.

அப்புறம் எல்லோரும் கத்தினார்கள். உன் சித்தப்பா, "பாத்தீங்களா, சாமியையே தீட்டாக்க வந்துட்டானுங்க" என்றார். விவசாயிகள் சங்கத்து ஆள் ஒருவன் மன்னார்குடிப் பக்கத்திலிருந்து வந்திருந்தான், சிவப்புத் துண்டுக்காரன், அவன் முன்னால் வந்து, "இந்தக் கை வெளைய வச்ச நெல்லு ஆகும், இந்தக் கை அவிச்ச நெல்லு ஆகாதா? யாரு எழுதி வச்ச சட்டம்யா இது?" என்றான். நிர்வாக அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "அரிசி அரிசிதானே, உலையில போடச் சொல்லுங்க சாமி, எனக்கு ரெண்டு மணிக்கு வேற கோயில் இருக்கு" என்றார். இவர்கள் மூன்று பேரில் யார் மேல் எனக்கு அதிகக் கோபம் வந்தது என்று என்னால் சொல்ல முடியாது. நடுவில் காளியம்மாள் குருக்களைப் பார்த்து, "பச்சரிசிச் சோறு பசி தாங்காதே சாமி. வருசத்துக்கு ஒரு நாளு சாமி வயித்துக்குப் போற சோறாச்சேன்னு நல்லதா அவிச்சு எடுத்தாந்தேன்" என்றாள். இரண்டொருவர் சிரித்தார்கள். சிரித்தவர்கள் வீட்டில் எல்லாம் தினமும் வடிப்பது புழுங்கல்தான். சிரிப்பு அடங்குவதற்குள் அவள் கூட்டத்தில் என்னைக் கண்டுபிடித்துவிட்டாள். குற்றம் சொல்கிற குரலே இல்லை, சாட்சி கிடைத்த நிம்மதியோடு சொன்னாள்: "பெரியவீட்டு அம்மாகிட்டக் காமிச்சுட்டுத்தானே அவிச்சேன். கையில அள்ளிக் காமிச்சேனே. அம்மா பாத்துட்டு சரின்னாங்களே."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். உன் சித்தப்பா என் காதருகே வந்து, "அண்ணி, இல்லேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, முடிஞ்சுது" என்றார். உண்மைதான், முடிந்திருக்கும். என் வார்த்தைக்கு எதிராக அவள் வார்த்தையை அந்தக் கோயிலில் ஒருவரும் எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள், அவள் புருஷன்கூட அவளைத்தான் அதட்டியிருப்பான். அதை நினைத்தபோது எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது. நான் சொன்னேன்: "அவள் காட்டியது உண்மை. நான் பார்த்தது உண்மை. சரி என்றதும் உண்மை. ஆகாது என்று தெரிந்தே சொன்னேன்." காளியம்மாள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள், அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று, புரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் கத்தியிருக்கலாம். திட்டியிருக்கலாம். இந்த வயதில் எனக்கு அவள் முகத்தைத் திருப்பியதைவிடப் பெரிய தண்டனை ஒன்றும் தேவையில்லை.

உன் சித்தப்பா அதற்கும் அசரவில்லை. சரி, ஆனது ஆகட்டும், நம் வண்டியில் ஒரு மூட்டை பச்சரிசி இருக்கிறது, அதை இறக்கச் சொல்கிறேன் என்றார். தெற்கு வாசலில் வண்டி நிற்கிறது, மூட்டை தயாராக இருக்கிறது. புழுங்கல் வரப்போவது தெரியாதவர் எதற்குக் காலை எட்டரை மணிக்குப் பச்சரிசி மூட்டையோடு வந்து நிற்கிறார் என்று உன் மனுவில் ஏன் ஒரு வரியும் இல்லை? நான் கேட்டேன், இது எந்த வயல் அரிசி என்று. வலங்கைமான் கடைத்தெருவில் வாங்கியதாம். எனக்கு அப்போது வந்த கோபத்தில் வயதும் முக்காடும் மறந்துவிட்டன. "கட்டளை வயல் அரிசியைத் தப்பாகக் கொண்டு வந்தது அவர்கள் அறியாமை. கடை அரிசியைக் கட்டளை அரிசி என்று சுவாமிக்குச் சாத்தச் சொல்வது உங்கள் துணிச்சல். இரண்டும் உள்ளே போகாது" என்றேன். சங்கத்துக்காரன் என்னைப் பார்த்துக் கை தட்டினான். அவனையும் விடவில்லை. "சுவாமிக்கு என்ன ஆகும் என்ன ஆகாது என்பது ஒருவருக்கு ஒரு விதம், இன்னொருவருக்கு ஒரு விதம் இல்லை. நான் கொண்டு வந்தாலும் புழுங்கல் ஆகாது. கை தட்டுவதை நிறுத்து" என்றேன். நிறுத்தினான்.

அப்புறம் காத்தானிடம் கேட்டேன், அந்த வயல் நெல் அவிக்காமல் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று. அவன் தரையைப் பார்த்தான். காளியம்மாள் முகத்தை என் பக்கம் திருப்பாமலே, "வெதைக்கோட்டை இருக்குதே, அதைச் சொல்லேன்" என்றாள். வைக்கோல் பிரி சுற்றிக் கட்டி வைத்திருக்கிற விதைநெல், அடுத்த குறுவைக்கு. விதைநெல்லைக் குத்தித் தின்கிற குடும்பம் விளங்காது என்று நம் ஜில்லாவில் பட்டினி கிடந்தாலும் தொட மாட்டார்கள், உனக்கு அது தெரியும். காத்தான், "வெதைய எப்படிடி..." என்று இழுத்தான். அவள், "நம்ம தின்னாத்தான் குத்தம். சாமி தின்னா வெதச்ச மாதிரிதான்" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

கோட்டைகள் இரண்டும் வந்தன. மில்லுக்கு அனுப்பலாமா என்றால், மில்காரர் நெய்னா முகம்மது நேரிலேயே வந்துவிட்டார், பச்சை நெல்லை மிஷினில் போட்டால் பாதி நொய்யாகப் போகும் என்றார். "அவிச்ச நெல்லை நேத்து நான்தாம்மா அரைச்சுக் குடுத்தேன். எங்க பள்ளிவாசல் நோன்புக் கஞ்சிக்கு எந்த அரிசின்னு கேளுங்க, சொல்லுவேன். உங்க சாமி சமாச்சாரம் எனக்கென்ன தெரியும், தெரிஞ்சிருந்தா அப்பவே சொல்லியிருப்பேனே" என்று வருத்தப்பட்டார். தெரிந்திருந்தால் அவர் சொல்லியிருப்பார். எனக்குத் தெரிந்திருந்தது. ஆகவே உரலில் குத்துவதென்று ஆயிற்று. ஊரில் நல்ல உரல் நம் வீட்டில் இரண்டு, குருக்கள் வீட்டில் ஒன்று. குருக்கள் வீட்டு உரலை நான் கேட்கவில்லை, அவர் சம்சாரமே ஆள் விட்டு உருட்டி அனுப்பினாள், அவர் அதைப் பார்த்தும் பார்க்காதது போல் இருந்தார். மூன்றையும் நம் வீட்டுப் பின்கட்டு முற்றத்தில் போட்டுக் காளியம்மாளும் அவள் தெருப் பெண்கள் பத்துப் பேரும் மாற்றி மாற்றிக் குத்தினார்கள். உன் சித்தப்பா இதைத்தான் அண்ணி வீட்டுக்குள் எல்லோரையும் விட்டுவிட்டாள் என்று உனக்கு எழுதியிருப்பார். ஆமாம், விட்டேன். உன் அப்பா இருந்திருந்தால் சம்மதித்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது, அவரைக் கேட்க முடியாது, என்னைத்தான் கேட்க வேண்டும். நான் முறத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து புடைத்தேன். ஒருத்தி அடுத்தவளிடம், "ஆச்சி பொடைக்கிறதைப் பாருடி, நம்மளைவிட சுத்தமாத்தான் பொடைக்குது" என்று ரகசியமாகச் சொன்னது எனக்குக் கேட்டது. காளியம்மாள் மட்டும் நாலு மணி நேரமும் என்னோடு பேசவில்லை. நொய் அதிகமாக இருந்த ஒரு முறத்தை நான் மறுபடி அவள் உரலுக்குத் தள்ளியபோது, ஒன்றும் சொல்லாமல் வாங்கி, பிரித்தெடுத்து, திருப்பித் தந்தாள். நான் இன்னொரு தடவையும் தள்ளினேன். அப்போதுதான் வாயைத் திறந்தாள்: "இப்ப மட்டும் வாய் நல்லா வருதுங்களே அம்மா, ஆகாதுன்னு சொல்ல." தியாகு, அதற்கு நான் என்ன பதில் சொல்லட்டும்? ஆமாம் என்றேன். அவள் மறுபடி உலக்கையைப் போட்டுக் குத்தினாள்.

சாயரட்சைக்கு அன்னம் தயாராகிவிட்டது. சங்கல்பம் செய்யும்போது குருக்கள் காத்தான் பேரை வாய்க்குள்ளேயே முணுமுணுத்தார். நான் விடவில்லை. உன் அப்பாவின் பேரைச் சொல்லும்போது கோபுரம் வரை கேட்கும், இப்போது பக்கத்தில் நிற்கிற எனக்கே கேட்கவில்லை, சுவாமிக்கு முன்னால் இப்படிக் குறைத்துச் செய்வது எந்த ஆகமத்தில் இருக்கிறது என்று கேட்டேன். பேர், நட்சத்திரம், கோத்திரம் மூன்றும் கேட்டுச் சத்தமாகச் சொல்லுங்கள் என்றேன். கேட்டார். காத்தானுக்கு நட்சத்திரம் தெரியவில்லை. காளியம்மாள், "ஐப்பசி அடைமழையில பொறந்தேன்னு எங்காத்தா சொல்லும், மழையில நச்சத்திரம் எங்க தெரியும் சாமி" என்றாள். குருக்களுக்கே சிரிப்பு வந்துவிட்டது, தெரியாதவர்களுக்குச் சுவாமியின் திருவாதிரையையே வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லி வைத்தார். கோத்திரம் தெரியாதவர்களுக்கு சிவ கோத்திரம். நமக்கும் அதுதான், நூறு வருஷமாக நம் பேருக்குப் பின்னால் வந்ததும் அதே இரண்டு வார்த்தைதான், அதை நான் அன்றுவரை நினைத்துப் பார்த்ததில்லை. பரிவட்டத்தைக் காத்தான் தலையில் கட்டினார்கள். எனக்கு வயிறு எரிந்தது. உன்னிடம் பெரிய மனசு உள்ளவள் மாதிரி வேஷம் போட மாட்டேன். அந்தப் பட்டுத்துணி உன் அப்பா நெற்றியில் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும், அது வேறு தலையில் ஏறுவதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை, இப்போதும் பிடிக்கவில்லை. ஆனால் திரை விலகி, கற்பூர வெளிச்சத்தில் அன்னம் மூடிய சுவாமியைப் பார்த்தபோது, ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. இத்தனை வருஷத்தில் நாம் கொடுத்த அரிசியில் விதைநெல் ஒரு தடவையும் இருந்ததில்லை. லிங்கத்தின் மேலிருந்த அன்னம் முறைப்படி ஆற்றுக்குப் போயிற்று. ஆவுடையார் மேலிருந்ததைத் தயிர் விட்டுப் பிசைந்து மண்டபத்துக்குள்ளேயே எல்லோருக்கும் கொடுத்தார்கள். அந்தப் புழுங்கல் அரிசியை மறுநாள் நானே சொல்லியனுப்பி ஒரு மரக்கால் வாங்கிக்கொண்டேன், அதற்கு மாற்றாக நம் வீட்டு விதைநெல்லைக் கொடுத்தேன். காத்தான் வாங்கிக்கொண்டான், ஆனால் கட்டளை வயலுக்கு இதைப் போட மாட்டேன், அதற்கென்று கோட்டையிலிருந்து கொஞ்சம் முன்பே எடுத்து வைத்துவிட்டேன் என்று சொன்னான். அந்த அரிசியைத்தான் நான் இப்போது தினமும் வடிக்கிறேன். உன் சித்தப்பா வீட்டு அரிசியைவிட நன்றாக இருக்கிறது.

இவ்வளவுதான் நடந்தது. இனி உன் மனுவுக்கு வருகிறேன். எனக்குத் தெரியாமல் என்று எழுதியிருக்கிறது. எனக்குத் தெரிந்துதான் நடந்தது. வேண்டுமென்றே என்று எழுதியிருக்கிறது. வேண்டுமென்றே செய்தவர்கள் நான், குருக்கள், உன் சித்தப்பா ஆகிய மூன்று பேர், அவர்கள் இல்லை. அவமதிக்கும் எண்ணத்தோடு என்று எழுதியிருக்கிறது. மூன்று நாள் விரதம் இருந்து அண்டாவுக்கு மஞ்சள் கட்டியவளைப் பற்றி அப்படி எழுத உனக்கு எப்படிக் கை வந்தது? கான்வென்ட்டில் எங்கள் மதர் பொய்ச் சாட்சி சொல்வதைக் கொலைக்கு அடுத்தபடியாக வைத்துச் சொல்லிக் கொடுத்தார், நம் தேவாரப் புஸ்தகத்தை வைத்துக்கொண்டு கேட்டாலும் அதையேதான் சொல்லும். கட்டளையை நம்மிடமிருந்து எடுத்த சட்டம் நியாயமா என்று நீ வழக்குப் போடுவதானால் போடு, அதில் சொல்ல எனக்கே நாலு வார்த்தை இருக்கிறது. ஆனால் அவர்கள் சுவாமியை அவமதித்தார்கள் என்று சொல்லி அதைத் திரும்பப் பெற முடியாது. இந்த மனுவை நான் கையெழுத்துப் போடாமல் இதே கவரில் திருப்பி அனுப்புகிறேன். பென்சில் குறிகளை அழித்துவிட்டேன். நான் போடாவிட்டாலும் மூத்த மகன் என்ற முறையில் நீ போட்டுத் தாக்கல் செய்யலாம் என்று வக்கீல் யோசனை சொல்லக்கூடும். செய், தடுக்க மாட்டேன். அப்படிச் செய்தால் காத்தான் தரப்பில் முதல் சாட்சியாக நான் கூண்டில் ஏறுவேன், உன் வக்கீல் என்னைக் குறுக்கு விசாரணை செய்யட்டும், சனிக்கிழமை வாய்க்கால் கரையில் நான் சரி என்று சொன்னதிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் ஆங்கிலத்திலேயே சொல்கிறேன். இதைக் காத்தானிடமும் போய்ச் சொல்லிவிட்டேன். காளியம்மாள் உள்ளேயிருந்து வந்து உட்காருங்க என்றாள். வேறு ஒன்றும் பேசவில்லை, ஆனால் உட்காரச் சொன்னாள்.

குழந்தைக்கு இரவில் காதை மூடித் துணி கட்டச் சொல்லு, ஜெயாவைக் கனமான வாளியைத் தூக்க விடாதே. இந்த வாரம் திருக்கார்த்திகை, அங்கேயும் வாசலில் ஐந்து விளக்காவது ஏற்றுங்கள். பதில் போடும்போது கவரில் அகதி நிவாரண ஸ்டாம்பை மறக்காமல் ஒட்டு, புது உத்தரவு. பதிலில் மற்ற சமாச்சாரத்தை எல்லாம் எழுதுவதற்கு முன், மனுவை நிறுத்தச் சொல்லி வக்கீலுக்குத் தந்தி கொடுத்தாயா இல்லையா என்பதை முதல் வரியில் எழுது. சுவாமி உங்கள் மூன்று பேருக்கும் நீண்ட ஆயுளையும் நேரான புத்தியையும் கொடுக்கட்டும்.

உன் மேல் கோபமும் பாசமும் குறையாத அம்மா,
நீலாயதாட்சி.